பை

அவர்கள் எழுத்தில் இரண்டு, நம் எழுத்தில் ஒன்றே ஒன்று.
பதினொரு மாதமாக அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்
ஹெஸ்டர் டிரான்மர்,
ஹல் நகரில், கம்பளக் கடைக்கு மேல்மாடியில்
ஓர் அகராதி அலுவலகத்தில்.

பெயர்ச்சொல் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.
போன வாரம் ஒருவன் பன்றியை முடித்துவிட்டு
மத்தியானமே வீட்டுக்குப் போனான்.
பன்றிக்குக் கால் உண்டு, சுருண்ட வால் உண்டு,
ஓரத்தில் படம் போட்டுவிடலாம்.
இதற்கு என்ன படம் போடுவது?

ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு. அதில் இது பக்கம்.
நாயால் கடிபட்டான். அதில் இது ஆல்.
ரயிலில் வந்தாள், இல்.
வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டு, உள்.
கடவுள்மேல் ஆணை என்றால் மேல்.
நாம் சொல்லின் வாலில் ஒட்டிவிட்டு
மறந்துபோகிற பசைகள் இத்தனைக்கும்
அங்கே ஒரே ஆள்,
முன்னால் தனியாக நின்று
கதவு திறந்துவிடுகிற காவலாளி மாதிரி.

நமக்குப் பை என்றால் பை.
துணியில் தைத்தது, காதுள்ளது,
அடியில் காய்ந்த கறிவேப்பிலை ஒன்று கிடப்பது.
ஹெஸ்டருக்கு இது தெரிய வழியில்லை.
ஆனால் சீட்டுகளை அவள்
ஒரு பழைய சணல் பையில்தான் போட்டுவைக்கிறாள்.

பக்கத்து ஊர்ப் பெயர்களின் வாலிலும் அது:
கிரிம்ஸ்பி, ஸெல்பி, வெதர்பி.
கடல் தாண்டி வந்தவர்கள் விட்டுப்போன வேறொரு சொல்.
அர்த்தம் ஊர். உறவில்லை, முகஜாடை மட்டும்.
அதைச் சேர்க்கக் கூடாது என்று
அவளே ஒரு குறிப்பு எழுதி
அவளே இரண்டு முறை அடித்தாள்.

நெவிலுக்கு இந்தச் சொல்லில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.
மரவாடியில் கணக்கன்.
நாலு பை ரெண்டு, ஆறு பை ஒண்ணு என்று
பலகையை நாளெல்லாம் கூவிச் சம்பாதித்தவன்.
மார்ச்சில் போனான்.
நம் ஊர் ஓட்டலில் காப்பி சொல்வோமே, ஒன் பை டூ,
அப்படி வீட்டைப் பிரித்தார்கள்.
டம்ளர் இரண்டு வந்தது. காப்பி ஆறிவிட்டது.

செயப்பாட்டுவினையில் ஒரு வசதி, அன்று மாலை எழுதினாள்:
செய்தவர் பெயரைச் சொல்லாமலே வாக்கியம் முடியும்.
அவள் கைவிடப்பட்டாள்.
முற்றுப்புள்ளி. இலக்கணம் எதுவும் கேட்பதில்லை.
யாரால் என்பது
விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் உறுப்பு.

இருபத்தாறாவது பொருளுக்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை.
ஒருவர் விஷயத்தில், ஒருவரைப் பொறுத்தவரை.
நல்லபடி நடப்பது, மோசமாக நடப்பது,
அந்த வகை வாக்கியங்களில் மட்டும் வருவது.
கிடைத்ததெல்லாம் பாதிரிமார் பிரசங்கம், நூறு வருடப் பழசு.
யாராவது இப்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மழைக்கோட்டை எடுக்க நெவில் வந்தான்.
வாசலில் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டு,
உன் விஷயத்தில் நான் சரியாகத்தான் நடந்தேன் என்றான்.
அந்த 'விஷயத்தில்' அவன் வாயில் எப்படி வந்தது என்று
சொல்லவே வேண்டாம்.

இன்னொரு தரம் சொல், என்றாள்.
கண் கலங்கிவிட்டதென்று நினைத்து
மெதுவாக, கனிவாகத் திரும்பச் சொன்னான்.
அவள் பென்சில் தேடிக்கொண்டிருந்தாள்.

பேச்சு வழக்கு. ஆண். ஹல். வயது ஐம்பத்தி மூன்று.
நம்பகம் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் எதுவும் எழுதவில்லை.

முடிந்துவிட்டதென்று நினைத்தாள். கடைசிச் சீட்டு
பையின் மடிப்பில் சிக்கியிருந்தது.
தனியாக என்பதற்கும் அவர்கள் இதைத்தான் சொல்வார்கள்,
சொல்லுக்குச் சொல் எடுத்தால்
தன் பக்கத்தில் தான்.
அதைப் பொருள் இருபத்தேழாக்குவதா,
முதல் பொருளிலேயே சேர்ப்பதா,
ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு மாதிரி.

கீழே கம்பளக் கடைக்காரன் ஷட்டரை இழுக்கிறான்.
ஆறரைக்குள் வர வேண்டிய பஸ்
ஆறே காலுக்கே போய்விட்டது. அதுவும் சரிதான்,
'க்குள்' என்றால் முன்னாலும் போகலாம்.